போட்டிகளில் சில கார்டுகளுக்கு ஏன் தடை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேகரித்து ஆடும் கார்டு ஆட்டங்களில், போட்டிக்குக் கொண்டுவரக் கூடாத கார்டுகளைச் சொல்லும் தடைப்பட்டியல் பற்றிப் புதிதாக ஆட வருபவர்களும் கேட்கிறார்கள், பல வருடம் ஆடியவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை எளிதிலிருந்து கடினம் என்ற வரிசையில் இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்திலிருந்து. 1993-ல் வெளிவந்த அந்த ஆட்டத்துக்கு 1994 ஜனவரியிலேயே முதல் பட்டியல் வந்துவிட்டது. ஒவ்வொரு தடைக்கும் காரணத்தை எழுதி வெளியிடும் வழக்கமும் அங்கே உண்டு. யூ-கி-ஓ!, போக்கிமான் இரண்டும் தேவையான இடங்களில் வரும்.

கார்டைத் தடை பண்ணிட்டாங்கன்னா அதை எங்கேயுமே ஆட முடியாதா?

ஆடலாம். தடை ஒரு ஃபார்மட்டுக்குள் மட்டும்தான் செல்லும். எந்தெந்த செட்களிலிருந்து (ஒன்றாக வெளியாகும் கார்டுத் தொகுப்புகள்) கார்டு எடுத்து டெக் (ஒருவர் ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டு) கட்டலாம் என்ற விதித்தொகுப்புக்குத்தான் ஃபார்மட் என்று பெயர். மேஜிக்கின் ஸ்டாண்டர்ட் ஃபார்மட்டில் அண்மைக்கால செட்கள் மட்டும். மாடர்னில் 2003-ல் வந்த எட்டாம் பதிப்பு முதல் வந்தவை. லெகசியிலும் வின்டேஜிலும் ஏறக்குறைய எல்லாமே. மாடர்னில் தடையான கார்டு லெகசியில் தாராளமாக ஓடலாம்.

நண்பர்களோடு ஆடும்போது பட்டியல் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிரில் இருப்பவர் பட்டியலை நம்பி டெக் கட்டி வந்திருப்பார். தடைக் கார்டு இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பேன், ரெஸ்ட்ரிக்டட், லிமிடெட், செமி-லிமிடெட்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை, எத்தனை பிரதி வைக்கலாம் என்பதில் வேறுபடுகின்றன. மேஜிக்கில் 60 கார்டு டெக்கில் ஒரே பெயரில் 4 வரை வைக்கலாம். தடை என்றால் 0. ரெஸ்ட்ரிக்டட் என்றால் 1. இது வின்டேஜ் ஃபார்மட்டில் இருக்கும் ஏற்பாடு. யூ-கி-ஓ!வில் வழக்கமான உச்சம் 3. ஃபர்பிடன் 0, லிமிடெட் 1, செமி-லிமிடெட் 2. எக்ஸோடியா என்ற மான்ஸ்டரின் ஐந்து துண்டுகளும் லிமிடெட்: ஐந்தும் கையில் சேர்ந்தால் உடனே வெற்றி என்பதால், ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் வைக்கலாம்.

எண்ணிக்கையைக் குறைப்பதால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டால் தெரியும். 60 கார்டு டெக்கில் 4 பிரதி வைத்தால் முதல் 7 கார்டில் குறைந்தது ஒன்றாவது வர ஏறக்குறைய 40% வாய்ப்பு. ஒரே பிரதி என்றால் 11.7%. யூ-கி-ஓ!வின் 40 கார்டு டெக்கில், முதல் 5 கார்டில், 3 பிரதிக்கு 33.8%, ஒன்றுக்கு 12.5%.

ஆனால் ஒற்றைப் பிரதிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கார்டின் பலம் குறைவதில்லை, வரும் தடவைகள்தான் குறைகின்றன. அது யார் கைக்கு வந்ததோ அவர் ஜெயித்தார் என்று ஆட்டம் அதிர்ஷ்டத்தின் பக்கம் சாய்கிறது. பழைய கார்டுகளை எப்படியாவது ஆடவைப்பதுதான் வின்டேஜின் நோக்கம், அதனால் அங்கே இது பொருந்துகிறது. மற்ற ஃபார்மட்டுகளில் நேரடித் தடைதான் நேர்மையான வழி என்பது எங்கள் கருத்து.

இதையெல்லாம் யார் முடிவு பண்றாங்க?

ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம். மேஜிக்குக்கு விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், யூ-கி-ஓ!வுக்கு கொனாமி. யூ-கி-ஓ!வில் ஆசியாவில் ஆடப்படும் ஓசிஜிக்கும், மற்ற பகுதிகளில் ஆடப்படும் டிசிஜிக்கும் தனித்தனிப் பட்டியல். எதிராளி ஸ்பெஷல் சம்மன் (வழக்கமான ஒரு தடவைக்கு மேலாக மான்ஸ்டரைக் களமிறக்குவது) செய்யும் ஒவ்வொரு தடவையும் நம்மை ஒரு கார்டு எடுக்கவைக்கும் மேக்ஸ் "சி", டிசிஜியில் தடையாக இருந்தபோதே ஓசிஜியில் பல ஆண்டுகள் ஆடப்பட்டது. எந்தப் பகுதிப் பட்டியலைப் பார்க்கிறோம் என்பதைக் கவனிக்காமல் டெக் கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

மேஜிக்கின் கமாண்டர் ஃபார்மட் நீண்ட காலம் விதிவிலக்காக இருந்தது. ஆட்டக்காரர்களே நடத்திய தனிக்குழு ஒன்று அதை நிர்வகித்தது. 2024 செப்டம்பர் 23 அன்று மானா க்ரிப்ட், ஜுவல்டு லோட்டஸ், டாக்சைடு எக்ஸ்டார்ஷனிஸ்ட் ஆகியவற்றோடு நாடு (Nadu) என்ற கார்டையும் அந்தக் குழு தடைசெய்தது. எதிர்ப்பு மிரட்டல்கள் வரை போனது. ஒரு வாரத்தில், செப்டம்பர் 30 அன்று, நிர்வாகம் விசார்ட்ஸுக்கு மாறியது.

பலமான கார்டுன்னாலே தடை பண்ணிடுவாங்களா?

ஒவ்வொரு ஃபார்மட்டிலும் பலமான கார்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை தடையில்லாமல் ஓடுகின்றன. எதிராளிக்குப் பதில் சொல்ல வாய்ப்பு இருக்கிறதா, மற்ற டெக்குகளுக்கு இடம் மிஞ்சுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு டெக் எத்தனை சதவீதம் பேர் ஆடுகிறார்கள், அதே டெக்கோடு மோதும் ஆட்டங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் வெற்றி விகிதம் என்ன, சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள வைக்கும் கூடுதல் கார்டுகள்) எதிர்க் கார்டு வைத்தும் தோற்கடிக்க முடியவில்லையா என்பவை வழக்கமான அளவுகோல்கள்.

2016 பிப்ரவரியில் நடந்த ப்ரோ டூர் போட்டி நல்ல உதாரணம். முதல் எட்டு இடங்களில் ஆறு, எல்ட்ராஸி என்ற க்ரீச்சர் (களத்தில் இறங்கித் தாக்கும் கார்டு) வகையை வைத்துக் கட்டிய டெக்குகள். முக்கியக் காரணம் ஐ ஆஃப் உகின் என்ற லேண்ட். மற்ற கார்டுகளை ஆடக் கொடுக்கும் விலைதான் மானா, லேண்டுகள்தான் வழக்கமாக அதைத் தரும். ஐ ஆஃப் உகின் தானாக மானா தராது. ஆனால் நிறமற்ற எல்ட்ராஸி ஒவ்வொன்றின் விலையிலும் 2 குறைக்கும். 2 மானா எல்ட்ராஸி மிமிக் இலவசம், அதுவும் கையில் எத்தனை இருந்தாலும். இரண்டாம் டர்னில் 2 மானா தரும் எல்ட்ராஸி டெம்பிளை வைத்தால், 4 மானா தாட்-நாட் சீயர் இறங்கிவிடும். அது எதிராளியின் கையைப் பார்த்து ஒரு கார்டையும் எடுத்துவிடும். முதல் டர்னில் இறங்கிய மிமிக்குகள் எல்லாம் சீயரின் அளவை ஏற்று அந்த இரண்டாம் டர்னில் 4/4 (தாக்குதல் 4, உயிர் 4) ஆகிவிடும். எதிரில் இருப்பவர் அப்போதுதான் இரண்டாவது லேண்டை வைத்திருப்பார். 2016 ஏப்ரலில் ஐ ஆஃப் உகின் மாடர்னில் தடையானது. க்ரீச்சர்கள் எதுவும் தடையாகவில்லை.

ரெண்டு கார்டு சேர்ந்தாதான் பிரச்சினைன்னா, எதை தடை பண்ணுவாங்க?

பொதுவாக மூன்றில் ஒன்று: வேகம் தருவது, வேறெங்கும் அதிகம் பயன்படாதது, நாளைக்கு இன்னொரு கார்டோடு சேர்ந்தும் தொல்லை தரக்கூடியது. மேலே சொன்ன எல்ட்ராஸி விஷயத்தில் வேகம் லேண்டிலிருந்து வந்தது, அதனால் லேண்ட் போனது.

2017-ல் ஸ்டாண்டர்டில் சஹீலி ராய், ஃபெலிடார் கார்டியன் ஜோடி. 3 மானா சஹீலி ஒரு க்ரீச்சரின் நகலை உடனே தாக்கும்படி உருவாக்குவார். 4 மானா கார்டியன் களத்துக்கு வரும்போது இன்னொரு கார்டை வெளியே எடுத்துத் திரும்ப வைக்கும். நகல் கார்டியன் சஹீலியை எடுத்து வைத்தால் அவர் புதிதாக வந்தவர் ஆகிறார், மறுபடி நகல் எடுக்கலாம். முடிவே இல்லை, நான்காம் டர்னில் எண்ணற்ற கார்டியன் பூனைகள் தாக்கும். தடையானது கார்டியன், 2017 ஏப்ரல் 26 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஸ்டாண்டர்டில் மாற்றமில்லை என்று அறிவித்திருந்தார்கள். புதிய செட் வெளியானதும் ஆன்லைனில் கிடைத்த ஆட்டத் தரவு முடிவை மாற்றியது.

தவறான துண்டைத் தடைசெய்ததும் நடந்திருக்கிறது. 2019 ஜூலையில் மாடர்னில் ஹோகாக் என்ற கார்டைச் சுற்றிக் கட்டிய டெக்கை அடக்க பிரிட்ஜ் ஃப்ரம் பிலோவைத் தடைசெய்தார்கள். ஹோகாக் அந்தப் பாலம் இல்லாமலே போட்டிகளை ஆண்டது. ஆகஸ்ட் 26 அன்று ஹோகாக்கையே தடைசெய்ய வேண்டியதாயிற்று.

பலமே இல்லாத கார்டெல்லாம் பட்டியல்ல இருக்கே, அது ஏன்?

பட்டியலில் பலத்தோடு சம்பந்தமில்லாத காரணங்கள் பல உண்டு. கான்ட்ராக்ட் ஃப்ரம் பிலோ போன்ற ஆன்டி கார்டுகள் தோற்றவர் கார்டை ஜெயித்தவர் நிஜமாகவே எடுத்துக்கொள்ளும் பந்தய விதிக்காக அச்சிடப்பட்டவை. போட்டிகளில் பந்தயம் இல்லை, அதனால் அவையும் இல்லை. கேயாஸ் ஆர்பை ஓரடி உயரத்திலிருந்து மேசைமேல் புரளவிட வேண்டும், அது எதன்மேல் விழுகிறதோ அது அழியும். விழுந்தது தொட்டதா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் ஜட்ஜைக் கூப்பிட வேண்டிவரும். யூ-கி-ஓ!வின் விக்டரி டிராகன், அதன் தாக்குதலில் எதிராளி தோற்றால் ஒரு ஆட்டத்தோடு நிற்காமல் மொத்த மேட்சையும் (பல ஆட்டங்கள் சேர்ந்த மோதல்) வென்றதாக்கும். எதிராளி முந்திக்கொண்டு சரணடைந்தால் என்ன என்ற சச்சரவும் கூடவே வரும்.

இன்னொரு பெரிய காரணம் நேரம். ஒரு சுற்றுக்கு வழக்கமாக 50 நிமிடம். ஒரு மேசை முடியாவிட்டால் கூடமே காத்திருக்கும். ஷராஸாத் என்ற கார்டு ஆட்டத்துக்குள் இன்னொரு முழு ஆட்டம் ஆடவைக்கும். அது 2007-ல் தடையானது. 2013-ல் மாடர்னில் தடையான செகண்ட் சன்ரைஸ், ஒருவர் கால் மணி நேரம் தனியாக ஆட, மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும் டெக்கின் மையம். சென்செய்ஸ் டிவைனிங் டாப் 2017-ல் லெகசியில் தடையானதற்கு, அதை வைத்த டெக்கின் ஆதிக்கமும் ஒவ்வொரு டர்னிலும் மேல் மூன்று கார்டைப் புரட்டி அடுக்குவதில் போகும் நேரமும் சேர்ந்தே காரணம். பயோனியர் ஃபார்மட் 2019-ல் தொடங்கியபோது முதல் பட்டியலில் ஐந்து ஃபெட்ச் லேண்டுகள் (டெக்கிலிருந்து வேறொரு லேண்டைத் தேடி எடுத்துவைப்பவை) மட்டுமே இருந்தன. வேண்டிய நிறத்து மானாவை எளிதாகத் தருவது ஒரு காரணம், அடிக்கடி டெக்கைக் கலைத்துப்போடவைப்பது இன்னொன்று.

போக்கிமானில் டெக் தீர்ந்து கார்டு எடுக்க முடியாதவர் தோற்பார். லிசாண்டர்ஸ் ட்ரம்ப் கார்டு இருவரின் கழித்த கார்டுகளையும் டெக்குக்கே திருப்பி அனுப்பியது. டெக் தீர்ந்துவிடுமே என்ற பயமில்லாமல் இஷ்டத்துக்குக் கார்டு எடுக்கலாம், ஆட்டமும் இழுத்துக்கொண்டே போகும். 2015 ஜூனில் தடையானது.

2020 ஜூனில் மேஜிக்கின் இன்வோக் ப்ரெஜுடிஸ், ஜிஹாத், க்ரூசேட் உட்பட ஏழு கார்டுகள் அவற்றின் படம், பெயர், வாசகம் இனவெறி சார்ந்தவை என்பதால் நீக்கப்பட்டன. மேசையில் எதிரில் உட்காருபவரை அவமதிக்கும் கார்டுக்குப் போட்டியில் இடமில்லை. சரியான முடிவு, தாமதமாக வந்தது.

வெளியிடும் முன்னாடியே டெஸ்ட் பண்ணிப் பார்க்க மாட்டாங்களா?

பார்க்கிறார்கள். ஆனால் உள்ளே ஆடிப்பார்ப்பவர்கள் சில பத்துப் பேர். வெளியானதும் முதல் நாளிலேயே உலகம் முழுவதும் நடக்கும் ஆட்டங்கள் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். தப்பிவரும் கார்டுகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு: கடைசிக் கட்டத்தில் மாற்றப்பட்டு, மாற்றிய வடிவம் போதுமான அளவு ஆடப்படாமல் அச்சுக்குப் போனவை.

2004-ன் ஸ்கல்கிளாம்ப் என்ற கருவிக் கார்டு அப்படித்தான். மாட்டிய க்ரீச்சருக்குத் தாக்குதல் 1 கூடும், உயிர் 1 குறையும். அது செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். மாட்ட 1 மானா. உயிரைக் குறைப்பது குறை போலத் தெரிகிறது. 1/1 க்ரீச்சரில் மாட்டிப் பாருங்கள்: உடனே சாகும், இரண்டு கார்டு கைக்கு வரும். 1 மானாவுக்கு இரண்டு கார்டு, டர்னுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும். பிப்ரவரியில் வெளியானது ஜூனில் ஸ்டாண்டர்டில் தடையானது.

இருபது வருடம் கழித்து, 2024 ஜூனில் வந்தது, கமாண்டர் தடையில் பார்த்த நாடு, விங்டு விஸ்டம் என்ற கார்டு. உங்கள் க்ரீச்சர் குறிவைக்கப்படும்போதெல்லாம், ஒவ்வொரு க்ரீச்சருக்கும் டர்னுக்கு இரண்டு தடவை, டெக்கின் மேல் கார்டு லேண்டாக இருந்தால் களத்துக்கு, இல்லாவிட்டால் கைக்கு. 0 மானாவில் மாட்டக்கூடிய ஷுகோ என்ற பழைய கருவி இருந்தால் குறிவைப்பது இலவசம். கடைசி வடிவம் ஆடிப்பார்க்கப்படவில்லை என்று வடிவமைப்பாளரே வெளிப்படையாக எழுதினார். ஆகஸ்ட் 26-ல் மாடர்னில் தடை.

தடைக்குப் பதிலா கார்டோட வாசகத்தை மாத்திட்டா போதாதா?

டிஜிட்டல் ஆட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஹார்த்ஸ்டோனில் ஒரு கார்டின் விலையை ஒரே இரவில் 2-லிருந்து 3 ஆக்கலாம். அச்சிட்ட கார்டில், கையில் இருக்கும் எழுத்து ஒன்றும் நடைமுறை வேறொன்றும் ஆகிவிடும். ஒவ்வொரு மேசையிலும் விளக்க வேண்டிவரும்.

யூ-கி-ஓ! இந்த வழியைச் சில தடவை எடுத்திருக்கிறது. கேயாஸ் எம்பரர் டிராகன் பல வருடம் தடையில் இருந்து, வாசகம் மாற்றப்பட்டு பலம் குறைந்தபின் திரும்பிவந்தது. மேஜிக் பொதுவாக இதைத் தவிர்க்கிறது.

ஒருதடவை தடை பண்ணினா அவ்வளவுதானா? திரும்ப வராதா?

வரும். சுற்றியுள்ள கார்டுகளின் பலம் ஏற ஏற, பழைய ஆபத்து சாதாரணமாகிவிடும். ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக் மாடர்னில் தொடக்கம் முதலே தடை. 2019 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டது, ஃபார்மட் குலையவில்லை. 2024 டிசம்பரில் ஸ்ப்ளின்டர் ட்வின், மாக்ஸ் ஓபல், கிரீன் சன்ஸ் ஜெனித், ஃபெய்த்லெஸ் லூட்டிங் நான்கும் ஒன்றாகத் திரும்பின. மறுபக்கம், கோல்காரி கிரேவ்-ட்ரோல் 2015-ல் விடுவிக்கப்பட்டு 2017-ல் மறுபடி உள்ளே போனது.

ஆகவே தடையானதும் பதறிப்போய் கார்டை விற்றுவிட வேண்டியதில்லை. வேறு ஃபார்மட்டில் ஆடப்படுகிறதா என்று முதலில் பாருங்கள்.

காசு போட்டு வாங்கின கார்டு தடையாச்சுன்னா ஈடு கிடைக்குமா?

அச்சிட்ட கார்டுக்குக் கிடைக்காது. மேஜிக் அரீனா போன்ற டிஜிட்டல் ஆட்டத்தில் வழக்கமாக அதே தரத்து வைல்டுகார்டு (விரும்பிய கார்டாக மாற்றிக்கொள்ளக் கூடியது) தருவார்கள். ஒரு சுவையான விதிவிலக்கு உண்டு. 2011-ல் ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக் ஸ்டாண்டர்டில் தடையானபோது, அதில் இரண்டை வைத்து நிறுவனமே வார் ஆஃப் அட்ரிஷன் என்ற தயார் டெக்கை விற்றுக்கொண்டிருந்தது. அந்த டெக்கை ஒரு கார்டும் மாற்றாமல் கொண்டுவந்தால் மட்டும் ஆடலாம் என்று அனுமதித்தார்கள்.

போட்டி அன்னிக்கு என் டெக்கில தடைக் கார்டு இருக்குன்னு தெரிஞ்சா என்ன ஆகும்?

சாதாரண நிகழ்வுகளில் ஜட்ஜ் டெக்கைச் சரிசெய்யச் சொல்லி விட்டுவிடுவார். போட்டித்தரம் உயர்ந்த மேஜிக் நிகழ்வுகளில் டெக் பட்டியல் பிழைக்கு வழக்கமான தண்டனை ஒரு கேம் தோல்வி. தடைக் கார்டை எடுத்துவிட்டு, எண்ணிக்கை குறைந்தால் அடிப்படை லேண்டுகளால் நிரப்ப வேண்டும். தெரிந்தே மறைத்தால் அது ஏமாற்று, போட்டியிலிருந்தே வெளியேற்றுவார்கள். நீங்களே கவனித்துவிட்டால், அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் ஜட்ஜைக் கூப்பிட்டுச் சொல்வதுதான் எப்போதும் நல்லது.

இதைத் தவிர்க்க, டெக் பட்டியலைக் கொடுக்கும் முன் அதிகாரப்பூர்வப் பட்டியலைத் திறந்து பெயர் பெயராக ஒப்பிடுங்கள், சைட்போர்டு 15 கார்டு உட்பட. அறிவிப்பு வரும் நாளும் அமலுக்கு வரும் நாளும் வேறாக இருக்கலாம்: மேலே சொன்ன 2011 தடை ஜூன் 20-ல் அறிவிக்கப்பட்டு ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. டெக் கட்டும் செயலி காட்டும் "செல்லும்" என்ற அடையாளத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது புதுப்பிக்கப்படத் தாமதமாகலாம்.

வேற படம் போட்ட பதிப்பு, இல்ல சைட்போர்டுல மட்டும் வச்சா பரவாயில்லையா?

இரண்டும் கூடாது. தடை பெயருக்குத்தான், எந்த வருட அச்சாக இருந்தாலும், எந்தப் படமாக இருந்தாலும் ஒன்றே. சைட்போர்டும் கணக்கில் சேரும். ரெஸ்ட்ரிக்டட் கார்டு டெக்கிலும் சைட்போர்டிலும் சேர்த்து ஒன்றுதான். யூ-கி-ஓ!விலும் மெயின், எக்ஸ்ட்ரா, சைடு மூன்றும் சேர்த்தே எண்ணப்படும்.

தங்க நிற ஓரம் கொண்ட பழைய உலகக்கோப்பை நினைவு டெக் கார்டுகள், நகல் அச்சுகள், வளைந்துபோன ஃபாயில்கள் (பளபளப்பாக அச்சிட்ட கார்டுகள்) பற்றியும் கேட்கிறார்கள். இவை தடைப்பட்டியல் விஷயமே இல்லை. முதல் இரண்டும் போட்டிக்கு உரிய கார்டுகள் அல்ல. வளைந்த ஃபாயில், உறையிலிருந்தாலும் டெக்கில் தனியாகத் தெரிந்தால், அடையாளமிட்ட கார்டு என்று தண்டனை வரும்.

வின்டேஜில பிளாக் லோட்டஸே ஒண்ணு வச்சுக்கலாம்ங்கிறாங்க. அப்போ லுரஸை மட்டும் ஏன் முழுசா தடை பண்ணினாங்க?

ஒற்றைப் பிரதிக் கட்டுப்பாடு லுரஸிடம் செல்லாது என்பதால். பிளாக் லோட்டஸ் 0 விலையில் 3 மானா தரும் கார்டு. ஆனால் அது டெக்கில் ஒன்றுதான் என்பதால், முன்பு பார்த்த கணக்குப்படி எட்டு ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் தொடக்கக் கையில் வரும். லுரஸ் ஆஃப் த ட்ரீம்-டென் கம்பேனியன் வகை. டெக்கில் களத்தில் தங்கும் கார்டுகள் அனைத்தும் 2 மானா அல்லது அதற்குக் கீழ் இருந்தால், லுரஸ் டெக்குக்கு வெளியே காத்திருக்கும், எல்லா ஆட்டத்திலும் கிடைக்கும். ஒரு பிரதியே போதும், அந்த ஒன்று 100% கையில் இருப்பது போல. அதன் திறனோ, உங்கள் ஒவ்வொரு டர்னிலும் 2 மானா வரையிலான, களத்தில் தங்கும் ஒரு கார்டை கிரேவ்யார்டிலிருந்து (பயன்படுத்தி முடித்த கார்டுகளின் குவியல்) ஆடவிடுவது. பயன்படுத்திக் கழித்த பிளாக் லோட்டஸையே டர்னுக்கு ஒரு தடவை திரும்ப எடுக்கலாம்.

எனவே 2020 மே 18 அன்று வின்டேஜிலேயே தடை. பலம் காரணமாக அந்த ஃபார்மட்டில் ஒரு கார்டை ரெஸ்ட்ரிக்ட் செய்யாமல் முழுக்கத் தடைசெய்வது மிக அபூர்வம். இரண்டு வாரத்தில், ஜூன் 1 முதல், கம்பேனியன் விதியையே மாற்றினார்கள்: முதலில் 3 மானா கொடுத்துக் கைக்கு எடுக்க வேண்டும், பிறகுதான் ஆட வேண்டும். கார்டின் வாசகத்தில் கைவைக்காமல் அதன் திறனுக்கான பொதுவிதியை மாற்றிய வழி இது. அந்த 3 மானா சுமை போதுமானதாக இருந்ததால், 2021 பிப்ரவரியில் வின்டேஜில் லுரஸ் விடுவிக்கப்பட்டது.